பரந்தன் கிணறும் மாமியின் நாக்கும்

மாமியின் கைப்பைக்குள் எப்போதும் தண்ணீர் குடிக்க ஒரு சில்வர் பேணி இருக்கும். மற்றப் பெண்கள் பையில் சீப்பும் கைக்குட்டையும் வைத்திருப்பார்கள். என் மாமி, அதாவது என் கணவரைப் பெற்ற மகராசி, பேணியையும், சுருட்டிய நைலோன் கயிறு ஒன்றையும், அந்தக் கயிற்றில் கட்டுவதற்கு ஒரு சின்ன வாளியையும் கொண்டு திரிவார். வழியில் எந்த வளவிலாவது கிணறு கண்ணில் பட்டால் போதும், அதற்குமேல் கால் நகராது. கலியாண வீடோ செத்த வீடோ, முதலில் கிணற்றடி, பிறகுதான் மற்றது. ஒரு மிடறு தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி உருட்டி, மெல்ல விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பில் நாலு வகை உண்டு. தேத்தண்ணிக்கு ஆகும், குடிக்கலாம், குளிக்கலாம், கால் கழுவலாம். கடைசித் தீர்ப்பை வீட்டுக்காரர் காதுபடச் சொல்லி நாங்கள் சாப்பிடாமல் திரும்பி வந்த வீடுகளும் உண்டு. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது ஏதோ நேர்த்தி என்று நினைத்தேன். கணவரிடம் கேட்டபோது, அம்மாவுக்கு அது ஒரு விசர், பேசாமல் விடு என்றார். பேசாமல் விடலாம், அவர் நம்மை விட்டால்தானே.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, குடியேற்றத் திட்டத்தில் தகப்பனுக்குக் காணி கிடைத்து, சின்ன வயதிலேயே வட்டக்கச்சிக்கு வந்தவர் மாமி. அங்கே வாய்க்கால் ஓடுகிற இடத்துக் கிணறுகள் நல்லவை. கொஞ்சம் தள்ளிப் போனால் தண்ணீர் மாறிவிடும். கடல்நீரேரிப் பக்கம் சவர் ஏறும். சவர் என்றால் உப்பென்று துப்பவும் முடியாது, நல்லதென்று குடிக்கவும் முடியாது, தொண்டையில் நின்று அறுக்கிற ஒரு கரிப்பு. அதில் தேநீர் போட்டால் பால் திரைந்ததுபோல இருக்கும். ஆகவே எங்கள் வன்னிப் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவர் யோசிப்பது பைத்தியம் இல்லை. ஆனால் அதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்வது பைத்தியம்தான். இன்றைக்கும் என் கருத்து அதுவே.

இந்த விசர் வீட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில், வன்னிக்கு வரும் பாதை திறந்த பிறகு கிளிநொச்சி நகரில் ஒரு கொமினிக்கேசன் கடை வந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்கக் கண்ணாடி அடைத்த சிறு அறைகள், பக்கத்தில் சில கணினிகள், பின்னால் இரைந்துகொண்டே இருக்கும் ஜெனரேற்றர். வவுனியாவில் தட்டெழுத்தும் கணினியும் படித்தவள் என்பதால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. மருமகள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க மாமி ஒருநாள் பேணியும் கையுமாக வந்து சேர்ந்தார். அன்று திரையில் ஒரு தமிழ்க் கருத்துக்களம் திறந்திருந்தது. லண்டனிலும் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் சனம் புனைபெயர்களில் வந்து சமையல், அரசியல், பழைய பள்ளிக்கூட ஞாபகம் என்று எழுதித் தள்ளும் இடம் அது. இவையெல்லாம் யார் என்று மாமி கேட்டார். முகம் தெரியாத ஆட்கள் எழுத்தில் கதைக்கிறார்கள் என்று விளக்கினேன்.

“முகம் தெரியாதெண்டால் நல்லம். நானும் கதைக்கப் போறன். எழுது பிள்ளை” என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத் தொடங்கியது என் ஏழரைச் சனி.

பெயர் ‘வட்டக்கச்சி மாமி’ என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தைக்கு வரும் சாட்டில் கடைக்கு வருவார். அவர் சொல்லுவார், நான் தட்ட வேண்டும். பாதியில் வேறு யாராவது தொலைபேசிக்கு வந்தால் நான் எழுந்து போவேன், திரும்பி வந்தால் மாமி எழுத இன்னும் மூன்று பந்தி மனதுக்குள் சேர்த்து வைத்திருப்பார். வார்த்தையைக் குறைத்துத் தட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமி திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசிப்பார். ‘கால் கழுவலாம்’ என்பதை ஒருமுறை நான் நாகரிகமாக ‘சற்று உவர்ப்பு’ என்று மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டேன். “நான் சொல்லாததை என்ர பேரில எழுதாதை” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படி மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

கிணறு மட்டுமென்றால் சகித்திருப்பேன். மாமிக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. மீன் குழம்பில் தேசிக்காய்ப் புளி விடுகிற வீட்டில் சம்பந்தம் செய்யக் கூடாது. மத்தியானம் குளிக்கிற ஆம்பிளையை நம்பக் கூடாது. ஒஸ்லோவில் இருந்து எழுதும் ஒருவரோடு கூழுக்கு முதலில் மீனைப் போடுவதா நண்டைப் போடுவதா என்று மாரி முழுவதும் சண்டை போட்டார். அந்த மனிதர் கடைசியில் ‘அம்மா, நான் தோற்றேன், என்னை விடுங்கள்’ என்று எழுதினார். போதாக்குறைக்கு வீட்டுக் கதை. என் கணவர் வயலில் வழுக்கி விழுந்தது, பக்கத்து வீட்டு மாடு எங்கள் வாழையைத் தின்றது எல்லாம் அங்கே போனது. ஒருநாள் ‘என்ர மருமகள் நித்திரையில் பல்லைக் கடிக்கிறாள், இதற்கு என்ன வைத்தியம்’ என்று சொன்னார். அதையும் நானேதான் தட்டினேன். என் பல்லைப் பற்றி என் விரலால் நானே உலகத்துக்கு அறிவித்தேன். லண்டனில் இருந்தும் சிட்னியில் இருந்தும் வைத்தியம் வந்து குவிந்தது. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய.

ஆனால் சனத்துக்கு மாமியைப் பிடித்துவிட்டது. மெல்ல மெல்ல, தாங்கள் விட்டுவந்த வீட்டுக் கிணற்றைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். முல்லைத்தீவில் இருந்து வெளியேறிப் புத்தளத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், தங்கள் பள்ளிவாசல் கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மாமி பஸ் ஏறிப் போனார். குடிக்கலாம், ஆனால் அரசமரத்து இலை விழுகுது, வலை போட வேணும் என்று வந்து எழுதுவித்தார்.  நாலு நாள் கழித்து அந்த அண்ணர், வாசித்துவிட்டு வீட்டில் எல்லோரும் அழுதோம் என்று எழுதினார். அதை வாசித்துக் காட்டியபோது, “அழ என்ன கிடக்கு, நல்ல தண்ணியெண்டுதானே சொன்னனான்” என்று மாமி எரிந்து விழுந்தார்.

பரந்தன் கிணற்றை மாமியிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர், பஸ் வரச் சுணங்கியதால் பூநகரி வீதியில் நடந்திருக்கிறார். கண்ணிவெடிக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத வளவா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, கூரையில்லாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பாசி விலக்கி ஒரு பேணி குடித்துவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை என்னைக் கொண்டு எழுதுவித்தது இது: ‘பரந்தன், பூநகரி ரோட்டு, பச்சைத் தூண் வீடு, வாசலில் மாதுளை நிற்குது. தண்ணி சவர். தேத்தண்ணிக்கும் இல்லை, குளிக்கவும் இல்லை. கால் கழுவலாம்.’ யார் வீடு என்று மாமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில்தான் என் மச்சாளுக்கு, மாமியின் ஒரே மகளுக்கு, கனடாவில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மச்சாள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். இடம்பெயர்வுகளிலும் தகப்பனின் சாவிலும் முப்பதைக் கடந்துவிட்டாள். வந்த பேச்செல்லாம் சாதகத்திலோ வேறெதிலோ நின்றுபோய், தனக்கு இனி இல்லை என்று அவளே முடிவு கட்டியிருந்த நேரம். மாப்பிள்ளை தொலைபேசியில் கதைத்தார். எங்கள் கடைக் கண்ணாடி அறையில் இருந்து அவள் கதைத்துவிட்டு வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பேன். அத்தனை வருடம் நான் பார்க்காத ஒரு முகம். வாரம் ஒருமுறை என்றிருந்தது பிறகு இரண்டு முறையானது. இது சரிவர வேண்டும் என்று நானும் கந்தசாமி கோவிலில் நேர்ந்து வைத்தேன்.

மாமி என்ன செய்தார்? சந்தோசத்தை அடக்க மாட்டாமல் களத்தில் போட்டார். ‘என்ர மகளுக்குப் பேச்சு வந்திருக்கு. மாப்பிள்ளை ரொறன்ரோவில் பேக்கரியில் வேலை. தாய் சகோதரியோடை இருக்கிறார். தலைமயிர் கொஞ்சம் குறைவு, ஆனால் குரல் நல்ல குரல்.’ வேண்டாம் மாமி, வேண்டாம் என்று கெஞ்சினேன். முகம் தெரியாத இடம்தானே என்றார். முகம் தெரியாதவர்களில் ஒருவர் ‘பரந்தன் பெட்டை’ என்ற பெயரில் எழுதுகிற அம்மா. மாமியின் கிணற்றுக் குறிப்புகளுக்கு முதல் ஆளாக வந்து பாராட்டு எழுதுகிறவர். கொஞ்சக் காலம் வருத்தம் வந்து படுத்திருந்து களத்துக்கு வராமல் விட்டவர், திரும்பி வந்த அன்றே பேக்கரியையும் குறைந்த தலைமயிரையும் வாசித்திருக்கிறார். அது தன் மகன் என்று விளங்கிவிட்டது. விடுபட்ட பழைய குறிப்புகளையும் சந்தோசத்தோடு தேடி வாசித்திருக்கிறார். அங்கே நின்றது பச்சைத் தூணும் மாதுளையும் கால் கழுவுகிற தண்ணீரும். அவர் கட்டி வாழ்ந்த வீடு அது.

அடுத்த நாளே கடைக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தது நான்தான். மறுமுனையில் மாப்பிள்ளையின் தாய். சத்தம் போடவில்லை. ஊர் உலகம் வாசிக்கிற இடத்தில் தன் கிணற்றை இப்படி எழுதிய கையால் தன் பிள்ளைக்குப் பெண் எடுக்க முடியாது, எழுதினவ அதே இடத்தில் மாற்றி எழுதட்டும், இல்லையென்றால் இந்தக் கதையை இத்தோடு விடுவோம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, மாமியிடம் சொல்லி மாற்றுவிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்தேன். அன்றிரவே வீட்டில் மாமியிடம் அதைச் சொன்னேன்.

மாமி அசையவில்லை. நாக்கில் பட்டதைத்தான் சொன்னேன், கிணறு யாருடையது என்று பார்த்துத் தண்ணீர் ருசி மாறுமா என்றார். கணவர் கத்தினார். நான் அழுதேன். மச்சாள் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனை ஒரே பக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன். தாய் பார்த்தாரோ தெரியாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மிடறு தண்ணீருக்காகப் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைக் கிணற்றில் போடுகிற தாயை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கடைசியில் மாமியின் சட்டத்தை வைத்தே மாமியை மடக்கினேன். வருடக்கணக்கில் யாரும் அள்ளாமல் கிடக்கிற கிணற்றில் குடித்துத் தீர்ப்புச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. இறைத்து, சேறு வாரி, புது ஊற்று வந்த பிறகுதான் அது கிணறு. அதுவரை வெறும் குழி. இதை எனக்குச் சொல்லித் தந்ததே மாமி.

“இறைக்காத கிணத்தில குடிச்சிட்டு எப்பிடி மாமி எழுதினீங்கள்?” என்று கேட்டேன்.

மாமி பேணியைக் கீழே வைத்தார். “ஓம். அது பிழைதான்” என்றார். நான் பார்த்த வரையில் அவர் பிழை என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் கணவர் லாண்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு மிசினின் பெட்டியில் தண்ணீர் இறைக்கிற மிசினை ஏற்றினார். நாங்கள் மூன்று பெண்களும் ஏறிக்கொண்டோம். இறைக்க இறைக்கப் பச்சைத் தண்ணீர் போனது, பிறகு கறுப்புச் சேறு, ஓடு, துருப்பிடித்த வாளி ஒன்று. கணவர் உள்ளே இறங்கி வாரினார். ஊற்றுத் தெளியும்வரை மாதுளை நிழலில் காத்திருந்தோம். மச்சாள் வீட்டுக்குள் போய், கூரையில்லாத அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அடுப்பு எரித்த குசினி இருந்த இடத்தைக் கையில் அகப்பட்ட ஈர்க்குமாற்றுத் துண்டால் கூட்டினாள். யாரும் கூட்டச் சொல்லவில்லை. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. மாமி வாளியைத் தானே இறக்கி அள்ளி, பேணியில் வார்த்து, கண்ணை மூடிக் குடித்தார். கன்னம் உருளவில்லை. ஒரே மூச்சில் விழுங்கிவிட்டார். மகள் ஈர்க்குமாற்றோடு வாசலில் நின்றாள்.

“எழுது பிள்ளை. தேத்தண்ணிக்கு ஆகும்” என்றார்.

கணவர் சிரித்தார், மச்சாள் திரும்பிக்கொண்டாள். நான் பேணியைக் கழுவுகிற சாட்டில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சவர். தொண்டையில் நின்றது. மாமியை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியே எழுதினேன். கனடாவில் இருந்து உடனே பதில் வந்தது, கண்ணீரும் சிரிப்புமாக. மாப்பிள்ளை வந்தார், சொன்னதைவிடத் தலைமயிர் குறைவு. கிளிநொச்சியில் கலியாணம் நடந்தது. கொஞ்ச மாதத்தில் விசா வந்து மச்சாள் கொழும்பு வழியாகப் போனாள். மாமி களத்தில் எழுதுவதை விட்டுவிட்டார். சனிக்கிழமை வருவார், கதிரையில் இருப்பார், வேண்டாம் பிள்ளை என்று எழும்பிப் போவார். ஒஸ்லோக்காரர்கூட எங்கே எங்கள் மாமி என்று கேட்டு எழுதினார். ஏன் மாமி என்று நான் துருவியபோது ஒருநாள் சொன்னார்: இனி ஒன்று எழுதுவதென்றால் முதலில் அந்தப் பரந்தன் கிணற்றைத் திருத்த வேண்டும், திருத்தினால் கனடாவில் மகளுக்கு என்ன நடக்குமோ தெரியாது, பொய்யைக் கீழே விட்டுக்கொண்டு மேலே என்னத்தை எழுதுகிறது. இந்த மனுசி வாயை மூடினால் போதும் என்று வருடக்கணக்கில் வேண்டியவள் நான். மூடிய பிறகு எனக்குத்தான் பொறுக்கவில்லை. கூழைப் பற்றியாவது ஏதாவது சொல்லுங்கோ மாமி என்று கெஞ்சினேன். கடைசிவரை மாட்டேன் என்றுவிட்டார். சொன்னாலும் கரைச்சல், சொல்லாவிட்டாலும் கரைச்சல்.

பிறகு பாதை பூட்டினார்கள். சண்டை வந்தது. கடையை மூடினோம், வட்டக்கச்சியை விட்டோம், ஓடினோம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கணவரும் நானும் மாமியும் உயிரோடு வந்தோம். கைப்பை, பேணி, தொலைபேசி இலக்கங்கள் எழுதிய துண்டு எல்லாம் கடல்நீரேரியைக் கடக்கும்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் தாங்கியில் வருகிற தண்ணீரைக் குடித்துவிட்டு மாமி ஒரு கருத்தும் சொல்லவில்லை. ஆண்டு முடிகிற நேரம் வெளியே விட்டார்கள். வவுனியாவில் உறவுக்காரர் வீடொன்றில் வந்து இருந்தோம். மச்சாளின் இலக்கம் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு மிஞ்சியிருந்த வழி அந்தக் களம் மட்டும்தான்.

நகரில் ஒரு இணையக் கடைக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடவுச்சொல்லை மனம் மறந்திருந்தாலும் விரல் மறக்கவில்லை. மாமியின் பெயரின் கீழ் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். மாமி இருக்கிறீங்களா, யாராவது கண்டீர்களா, பதில் தாருங்கள் என்று. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தட்டத் தொடங்கினேன்.

மாமி என் கையைப் பிடித்தார். “அது பிறகு. முதல் பரந்தன் கிணத்தை எழுது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடை என்றும் பார்க்கவில்லை. “மாமி, உங்களுக்கு விசரோ? அவள் அங்க செத்த வீட்டுக்காரி மாதிரி இருப்பாள். கிணறோ இப்ப முக்கியம்?”

“சண்டைக்குள்ள பங்கருக்க இருந்து ஒவ்வொரு நாளும் நினைச்சனான், அதைத் திருத்தாமல் சாகப்போறன் எண்டு. எழுது பிள்ளை.”

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். ‘பரந்தன் பச்சைத் தூண் வீட்டுக் கிணறு. இறைச்சுப் பாத்தனான். தண்ணி சவர்தான். நல்லதெண்டு முந்தி எழுதினது பொய். என்ர பிள்ளைக்காகச் சொன்னது. சம்மந்தி மன்னிக்க வேணும். வட்டக்கச்சி மாமி.’ மாமி திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, அனுப்பு என்றார். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்ற வரியைச் சேர்க்க நான் இன்னொரு பெட்டியைத் திறந்தேன். அது திறந்து முடிவதற்குள் ‘பரந்தன் பெட்டை’ பதில் போட்டிருந்தார்.

‘ஓம் சம்மந்தி, சவர்தான். அங்க இருந்த காலம் முழுக்க நான் குடிக்கிற தண்ணி பக்கத்து வீட்டிலதான் அள்ளினனான். எங்க நிக்கிறீங்கள்? உங்கட மகள் இதை வாசிச்சிட்டு நிலத்தில இருந்து அழுறாள். இலக்கம் தாறன், உடன எடுங்கோ.’